நாற்பத்தெட்டு வினைச்சொல்லும் ஒரு ஜரிகைக் கரையும்

பெரிய காஞ்சிபுரத்தில் தேவசகாயத்தின் வீட்டில் இருந்த அமைதியை அள்ளி மூட்டை கட்டினால் ஏற்றிப்போக மூன்று லாரி வேண்டும். சமையலறையில் இருப்பதற்கு மட்டும் தனியாக நாலாவது லாரி. மனைவி லில்லி போய் இரண்டு வருடம் ஆகிறது. மகள் நதியா கோயம்புத்தூரில் இருக்கிறாள். குறை சொல்லக்கூடாது, தினமும் போன் செய்வாள். "சாப்ட்டியாப்பா? மாத்திரை போட்டியா? சரி, வெச்சிடறேன்." பத்தொன்பது விநாடி. ஒரே ஒருநாள் இருபத்திரண்டு விநாடி போயிற்று; அன்று அவளுக்கு நடுவில் தும்மல் வந்துவிட்டது. அந்தத் தும்மலை தேவசகாயம் ஒரு வாரம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் பட்டுப் புடவைக் கரைகளுக்குக் கட்டத்தாளில் டிசைன் போட்டவர். மயிலோ மாங்காயோ யாளியோ, எது வந்தாலும் அதைக் கடுகளவு கட்டங்களாக உடைத்து, ஜரிகை மேலே எழும்ப வேண்டிய கட்டத்தைச் சிவப்பு மையால் நிரப்புவார். அந்தச் சிவப்பைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டை சொல்கிறபடி தறி நெய்யும். பிறகு அந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தேவசகாயம் கண்ணாடியைத் துடைத்து மடித்து வைத்துவிட்டு ஓய்வு பெற்றார். அதில் அவருக்கு எள்ளளவும் வருத்தமில்லை. கடைசி வருடங்களில் மயில்கள் கனவிலேயே வந்து, "என் கழுத்து இப்படியா இருக்கு?" என்று சண்டை போட ஆரம்பித்திருந்தன.

வருத்தமெல்லாம் பேச்சைப் பற்றித்தான். ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அவரைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொற்கள் மொத்தம் இருபத்தாறு. அதிலும் பதினொன்று, கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும்போது போனில் வரும் இயந்திரக் குரல். அந்தக் குரலுக்கும் அவர் "சரிம்மா, நன்றிம்மா" என்று பதில் சொல்லியிருந்தார்.

அந்த வாரம்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. வீட்டிலிருந்தபடியே மொழி கற்கலாம். ஆசிரியர் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்துப் பேச வைப்பார். 'பெயரைச் சொல்லி அழைத்து' என்ற இடத்தில் தேவசகாயத்தின் கண் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இடமில்லை. இந்தி நிரம்பிவிட்டது. பிரெஞ்சுக்கு வெறும் வீடியோதான். ஸ்பானிஷில் மட்டும் ஓர் இடம் இருந்தது. அது எந்த ஊர்ப் பாஷை, அங்கே யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. கிளிகளின் பாஷைக்கு இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் சேர்ந்திருப்பார்.

செவ்வாயும் சனியும் காலை பதினொரு மணிக்கு வகுப்பு. ஆசிரியை திரிஷா, சென்னையிலிருந்து பேசுவாள். இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். மாணவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் திரையில் கறுப்புக் கட்டங்கள், உள்ளே வெறும் பெயர். பதினோராவது கட்டத்தில் தேவசகாயத்தின் நெற்றி, அல்லது மூக்குத் துவாரம், அன்றைக்குப் போன் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அதன்படி. செவ்வாய் வகுப்புக்கு ஞாயிறு பூசை முடிந்து வந்ததுமே சட்டை இஸ்திரி போட்டுவிடுவார்.

"தேவசகாயம் சார், நீங்க சொல்லுங்க. ஆப்லோ, 'நான் பேசறேன்'. இதை அசை பிரிங்க."

"ஆப். லோ."

"ஐயோ சார்! 'ப்லோ' புருஷன் பொண்டாட்டி மாதிரி. பிரிக்கவே கூடாது. ஆ... ப்லோ."

"நான் பிரிக்கல மேடம். வாயில வரும்போதே அப்டித்தான் பிரிஞ்சிக்கினு வருது."

"சரி, கான்தோ? 'நான் பாடறேன்'."

"இது எப்டி மேடம், சேத்து வெக்கணுமா?"

"இதுங்க டைவர்ஸ் ஆனவங்க சார். கான். தோ. தாராளமா பிரிக்கலாம்."

திரையில் மூன்று மஞ்சள் எமோஜி முகங்கள் சிரித்தன. தன்னால் மூன்று பேர் சிரித்தார்கள் என்பது அடுத்த செவ்வாய்வரை அவருக்குச் சாப்பாடாக இருந்தது.

அசை பிரித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசைமேல் குரல் ஏறி உட்கார வேண்டும். எந்த அசை என்று கண்டுபிடிப்பதில்தான் கறுப்புக் கட்டங்களெல்லாம் திணறின. தேவசகாயத்துக்கும் காதால் பிடிபடவில்லை. ஒருநாள் அலமாரியில் மிச்சம் கிடந்த கட்டத்தாளை எடுத்துப் போட்டார். ஒரு சொல்லுக்கு நாலு வரிசை. அசைக்கு நாலு கட்ட அகலம். குரல் ஏறும் அசைக்குச் சிவப்பு. அவ்வளவுதான், நாற்பது வருடப் பழக்கம் கை வழியாக மூளைக்குப் போயிற்று.

நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், மூன்றுக்கும் சிவப்பு முதல் அசையில். 'நாங்கள் பேசுகிறோம்', ஆ-ப்லா-மோஸ் என்று வந்ததும் சிவப்பு இரண்டாம் அசைக்கு நகர்ந்தது. 'நீங்கள்' என்பதற்கும் அங்கேயே நின்றது. 'அவர்கள்' வந்ததும் மறுபடி முதலுக்கே ஓடிவந்துவிட்டது. பேசி முடித்த காலத்துக்கும் பேசிக்கொண்டிருந்த காலத்துக்கும் போனால் சிவப்பு முழுக்க இரண்டாவதில். இனிமேல் பேசப்போகும் காலத்துக்கு ஆ-ப்லா-ரே, ஆ-ப்லா-ராஸ் என்று மூன்றாவதில் போய் உட்கார்ந்தது. பேச்சுக்கும் பாட்டுக்குமாக நாற்பத்தெட்டு சொல். எல்லாம் முடித்துத் தாளைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தபோது, ஒரு சிவப்புக் கோடு இரண்டிடத்தில் லேசாகப் புடைத்து, படிப்படியாக வலப்பக்கம் இறங்கிப் போயிற்று. தன் வாழ்நாளில் போட்ட அத்தனை மயிலும் இதன் காலில் விழ வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டியிருப்பார். காலண்டரிடம் காட்டினார்.

அப்போதுதான் திரிஷா அந்த அறிவிப்பைச் சொன்னாள். முதல் நிலை முடிகிறது; இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை தேர்வு. ஆளுக்கு ஓர் அட்டவணை, கையால் போட்டது, கேமராவில் காட்டி வாசிக்க வேண்டும். மூன்று தப்பு வரை பொறுத்துக்கொள்வார்கள். தேறியவர்களுக்கு இரண்டாம் நிலை, நேரடி வகுப்பு. தேறாதவர்களுக்குப் பதிவு செய்த வீடியோ.

வீடியோவில் திரிஷா மேடம் உலகத்துக்கே பொதுவாகப் பேசுவாள். 'தேவசகாயம் சார், நீங்க சொல்லுங்க' என்று சொல்ல மாட்டாள். வாரத்துக்கு இரண்டுமுறை காதில் விழும் தன் பெயர் அத்தோடு நின்றுபோகும் என்பது தேவசகாயத்துக்கு அன்றே புரிந்துவிட்டது. தேர்வன்று எடுத்தால் போதும் என்று, தாளைப் பழைய டிசைன் தாள்கள் இருந்த தகரப் பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே, பத்திரமாக வைத்தார்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் வந்த ஒரு விருந்தாளியை இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு தெரு தள்ளி தறி வைத்திருக்கும் கைலாசம், ஒரு மதியம் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அண்ணா, அந்தக் காலத்துல நெளிக்கோடு ஒண்ணு போட்டுக் குடுத்தியே, மெலிசா, கரை ஓரமா போவுமே. அது இருக்குதா? ஒரு கல்யாணப் பொடவைக்குக் கேக்கறாங்க."

"பெட்டியில கீதுப்பா. எடுத்துக்கோ. டீ போடறேன், உக்காரு."

வீட்டுக்கு ஆள் வந்த பரபரப்பில் தேவசகாயம் ஏலக்காய் தேடி, இஞ்சி தட்டி, இருந்த இரண்டே பீங்கான் கோப்பையைக் கழுவித் துடைத்து, டீயோடு வெளியே வந்தபோது கைலாசம் இல்லை. "தறி நிக்குதுண்ணா, வரேன்!" என்ற குரல் மட்டும் தெருமுனையிலிருந்து வந்தது. தேவசகாயம் முதலில் தன் டீயைக் குடித்தார். பிறகு விருந்தாளியின் டீயையும், அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, குடித்தார்.

தேர்வன்று, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறந்தார். மேலே மெலிசான நெளிக்கோடு கிடந்தது. நாற்பத்தெட்டு சொல்லைக் காணோம்.

பெட்டியைக் கவிழ்த்தார். கட்டிலடியில் தேடினார். அரிசி டப்பாவுக்குள் தேடினார். அங்கே எப்படிப் போகும் என்று கேட்கக் கூட ஆள் இல்லை. புதிதாக ஒன்று போடலாம் என்று உட்கார்ந்தால், அவசரத்தில் ஆறாவது சொல்லிலேயே சிவப்பு மை நாலு கட்டத்துக்கு ஏரிபோலப் பரவியது. பத்தரை மணிக்குத்தான் கைலாசத்தின் ஞாபகம் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடும் போனோடும் கிளம்பினார். அந்த இரண்டு தெருவை அவர் கடந்த வேகத்துக்குப் பேருந்துகள் ஒதுங்கி வழிவிட்டன.

கைலாசம் தறியில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மஹாலட்சுமி ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாணா, இப்டி மூச்சு வாங்கிக்கினு வர?"

"கைலாசம், அன்னிக்கு எடுத்துக்கினு போனியே ஒரு தாளு..."

"அதுவா! சூப்பர்ணா. இந்த மாதிரி கோடு நீ போட்டு நான் பாத்ததே இல்ல. இங்க பாரு."

தேவசகாயம் குனிந்து பார்த்தார். தறியில் அரக்குப் பட்டு, ஒன்றரை முழம் நெய்து சுற்றியிருந்தது. அதன் கரை ஓரமாக, அப்பழுக்கற்ற ஜரிகையில், நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான். தங்க நிறத்தில் பேசி, பாடி, பேசப்போவதாகச் சொல்லி, இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை மறுபடி முதலிலிருந்து பேச ஆரம்பித்து, ஒன்றரை முழ நீளத்துக்கு ஸ்பெயின் தேசமே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

"தாளு எங்கப்பா?"

"டிசைன் ஏத்தற கம்ப்யூட்டர் கடையில குடுத்தேன். அங்க கீற பொண்ணு அரக்கோணம் போயிடுச்சு. கடை பூட்டிக்கீது. இன்னாத்துக்கு?"

தேவசகாயத்துக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. போன் மணி அடித்துவிட்டது. பதினொன்று.

"தேவசகாயம் சார், குட்மார்னிங். உங்களுக்கு அப்புறம் ரெண்டு பேர் இருக்காங்க. அட்டவணையைக் காட்டுங்க."

"மேடம், அட்டவணை... பொடவையில இருக்குது."

"எதுல சார்?"

"பொடவையில. தறியில நெஞ்சிட்டாங்க."

மஹாலட்சுமி அந்த நிமிடமே போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "நான் புடிச்சிக்கிறேண்ணா, நீ சொல்லு. இப்டி கிட்ட காட்டவாம்மா? ஜரிகை தெரியுதா? பளபளன்னு இருக்குதா?"

"தெரியுதுங்க," என்றாள் திரிஷா மிகவும் சன்னமாக.

தேவசகாயம் வாசிக்க ஆரம்பித்தார். விரலை ஜரிகைமேல் வைத்து, "ஆ-ப்லோ. ஆ-ப்லாஸ். ஆ-ப்லா." குரல் முதல் அசையில் கும்மென்று ஏறி இறங்கியது. நாலாவது சொல்லுக்கு விரல் வந்தது. அவர் வாய் "ஆ-ப்லா-மோஸ்" என்று நடு அசையில் சரியாகவே ஏறியது. ஆனால் விரலுக்கு அடியில் ஜரிகை ஒதுங்கவில்லை. முதல் அசையிலேயே நேராக நின்றது. அடுத்த சொல்லிலும் அப்படியே.

"கைலாசம்," என்றார், "இங்க ஒரு பொடப்பு இருக்கணுமே."

"அத நான் நேராக்கிட்டேண்ணா!" கைலாசத்தின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஆறு படியில ரெண்டு மட்டும் தள்ளிப்போய் நின்னுக்கினு இருந்துச்சு. அண்ணனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, கட்டம் மாறிப் போட்டுட்டாரு, வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு கம்ப்யூட்டர் பொண்ணாண்ட சொல்லிச் சரி பண்ணிட்டேன். கீழயும் அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அதையும் தூக்கிட்டேன்."

பேச்சில் இரண்டு, பாட்டில் இரண்டு. நாலு.

தேவசகாயம் நாற்பத்தெட்டையும் படித்து முடித்தார். தறி நின்றிருந்ததால் அந்த வீட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது. கடைசிச் சொல் முடிந்ததும் திரிஷா தன் குறிப்பை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"சார், வாயால நீங்க சொன்னது எல்லாமே சரி. ஆனா அட்டவணையில நாலு தப்பு இருக்கு. மூணுதான் விட முடியும். எங்க ஆபீஸ்ல ரெக்கார்டிங் பாப்பாங்க."

"இன்னாம்மா பேசற நீ!" கைலாசம் போனுக்குள் பாய்ந்துவிடுவார்போலக் குனிந்தார். "தப்பு பண்ணவன் நானு. அவரு போட்டது கரெக்டுதான். எனக்கு ஃபெயில் போடு. நான் எட்டாங்கிளாஸ்லயே நாலு வாட்டி ஃபெயில், எனக்குப் பழக்கம்தான்."

"அய்ய, நீ சும்மா இரு," என்றாள் மஹாலட்சுமி. "அண்ணா மூஞ்சப் பாரு."

தேவசகாயத்தின் முகத்தை அதற்கு முன் அவர்கள் அப்படிப் பார்த்ததில்லை. லில்லியை அடக்கம் செய்த அன்று கூட அவர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

திரிஷாவும் பார்த்தாள். "சார், ஒரு வழி இருக்கு. தாளைப் பாத்து வாசிக்காம, நீங்களே ஒரு வாக்கியம் கட்டிச் சொல்லுங்க. உங்களைப் பத்தி. நிஜமா இருக்கணும். புரிஞ்சு பேசறீங்கன்னு ரெக்கார்ட்ல இருந்தா, துணியில வந்த தப்பை நான் விளக்கிக்கிறேன்."

தன்னைப் பற்றி, நிஜமாக. தேவசகாயத்துக்குத் தெரிந்த ஸ்பானிஷ் சொற்கள் எண்பது இருக்கும். அதில் கோயில், ரொட்டி, பூனை எல்லாம் இருந்தது. 'நான் மாதாகோயிலில் பாடுகிறேன்' என்று ஒன்றைத் தயாராகக் கூட வைத்திருந்தார். லில்லி போனபிறகு அவர் பாடுவதில்லை, அது பொய். கைலாசம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மஹாலட்சுமியின் கையில் போன் ஆடாமல் நின்றது. இத்தனை வருடம் பழகிய இந்த இருவரிடமும் அவர் சொல்லாத ஒன்று, மகளின் பத்தொன்பது விநாடிக்குள் அடங்காத ஒன்று, நாலு சொல்லாகத் திரண்டு நாக்கு நுனிக்கு வந்தது. அந்த அறையில் அது யாருக்கும் புரியாது. அதனால்தான் வந்தது.

"ஆப்லோ ஸோலோ," என்றார். பிறகு, "எங் காஸா."

நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன், வீட்டில்.

திரையில் திரிஷா அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று மஹாலட்சுமி போனை லேசாகத் தட்டிப் பார்த்தாள்.

"சரியா சொன்னீங்க சார்," என்றாள் திரிஷா கடைசியில். "செவ்வாய்க்கிழமை வந்துடுங்க. இரண்டாம் நிலை."

போன் அணைந்ததுதான் தாமதம், கைலாசம் கையைத் தட்டினார். "பாஸா? பாஸ்தானே? அண்ணா, கடைசியில இன்னாமோ சொன்னியே, பாட்டு மாதிரி, ஆப்லோ... அது இன்னாது?"

தேவசகாயம் அவரைப் பார்த்தார். மஹாலட்சுமியைப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். அவ்வளவு நல்ல ஜனங்கள். சொல்லியிருந்தால் அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அவர் வீட்டில் படுத்திருப்பார்கள்.

"ஒண்ணும் இல்லப்பா," என்றார். "அவங்க ஊர்ல வணக்கம் சொல்றது."

"ஆப்லோ ஸோலோ!" என்றார் கைலாசம், நெஞ்சில் கை வைத்துக் குனிந்து.

"ஆப்லோ ஸோலோ," என்றாள் மஹாலட்சுமி, சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டு.

தேவசகாயமும் கும்பிட்டார். வேறென்ன செய்ய?

கைலாசத்தின் வாயில் விழுந்த ஒரு செய்தி காஞ்சிபுரத்தில் பரவும் வேகத்துக்கு ரயில் தேவையில்லை. ஞாயிறு காலை பூசைக்குப் போகும் வழியில் இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, "ஆப்லோ ஸோலோ சார்!" என்றார். திங்கட்கிழமை பால்காரர் சொன்னார். பூக்கட்டும் அலமு, பல் இல்லாத வாயால், எந்த அசையையும் விடாமல் சொன்னாள். ஆட்டோ நிறுத்தத்தில் சத்யராஜ் ஹாரன் அடித்து, தூங்கிக்கொண்டிருந்த எட்டு டிரைவரையும் எழுப்பிவிட்டு, கோரஸாகச் சொல்ல வைத்தான். இரண்டு நாளில் தேவசகாயத்திடம் சொல்லப்பட்ட சொற்கள் இருநூறைத் தாண்டின. எல்லாம் அதே இரண்டு சொல்தான். ஒவ்வொருவருக்கும் அவர் நின்று, கையை உயர்த்தி, பதிலுக்கு அதையே சொன்னார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் அந்த நாலு லாரி அமைதியும் அப்படியே காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. திரையில் ஐந்து கறுப்புக் கட்டமும் அவர் நெற்றியும்.

"தேவசகாயம் சார்," என்று தொடங்கினாள் திரிஷா, "இன்னிக்கு நீங்களே முதல்ல..."

"ஆப்லோ ஸோலோ, அண்ணா!" என்று ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஒன்று கத்திக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே அலமுவின் குரல். அப்புறம் பள்ளிக்கூட இடைவேளையில் வெளியே வந்த நாலைந்து பிள்ளைகள், ஒருவரை ஒருவர் மிஞ்சி.

திரிஷா பேச்சை நிறுத்திவிட்டாள். காதிலிருந்த கருவியை அழுத்திப் பிடித்துக் கேட்டாள்.

"சார்... வெளிய யாரு அது?"

"எங்க தெருக்காரங்க மேடம்."

"அதே வாக்கியம்தானே சொல்றாங்க?"

"அதேதான்."

"எத்தனை பேர் சார்?"

தேவசகாயம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாருக்கோ கையை உயர்த்தினார்.

"எல்லாருந்தான் மேடம்," என்றார்.